சர்க்கரை எரிபொருள் மட்டுமன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயிரணுக்களின் ஆற்றலைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, குளுக்கோஸை அடுப்பில் எரியும் விறகாகக் காட்டியது. உயிரணுவுக்கு ஆற்றல் வழங்கும் மூலக்கூறான ஏடிபியைத் தராத சர்க்கரை வீண் என்றும் அதில் ஒரு வரி இருந்தது. பல ஆண்டுகள் உயிர்வேதியியல் கற்பித்தவள் என்ற முறையில் அந்த வரியை என்னால் ஏற்க இயலவில்லை.

உயிரணுவுக்குள் நுழைந்த குளுக்கோஸ், பாஸ்பேட் ஏற்று குளுக்கோஸ்-6-பாஸ்பேட் ஆனவுடனேயே அதன் பாதை கிளைபிரிகிறது. குளுக்கோஸைப் படிப்படியாக உடைக்கும் கிளைகாலிசிஸ் வழியே சென்றால் ஏடிபி கிடைக்கிறது. பென்டோஸ் பாஸ்பேட் வழி என்னும் மற்றொரு கிளையில் சென்றால், ஆக்சிஜனேற்றத்தால் விளையும் சேதத்தைத் தடுக்கவும் கொழுப்பமிலங்களை உருவாக்கவும் உதவும் என்ஏடிபிஎச் என்னும் மூலக்கூறு, மரபுப்பொருளைக் கட்டத் தேவையான ரைபோஸ் என்னும் ஐந்து கார்பன் சர்க்கரை ஆகியவை கிடைக்கின்றன. பிரிந்து பெருகும் உயிரணுவுக்கு ரைபோஸ் மிகுதியாக வேண்டும். அப்போது கிளைகாலிசிஸின் இடைப்பொருள்களிலிருந்தே அதைச் செய்துகொள்ள முடிகிறது. என்ஏடிபிஎச் மட்டுமே வேண்டுமென்றால், ஐந்து கார்பன் சர்க்கரைகள் மீண்டும் ஆறு கார்பன் சர்க்கரைகளாக்கப்பட்டுச் சுழற்சிக்குள் திரும்புகின்றன. இவ்வாறு ஒரு குளுக்கோஸ் முழுமையாகச் செலவாகும்போது 12 என்ஏடிபிஎச் வரை கிடைக்கும். பென்டோஸ் பாஸ்பேட் வழியின் வாயிலில் நிற்கும் ஜி6பிடி (குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ்) நொதியை என்ஏடிபிஎச்சே தடுத்து வைக்கிறது என்பதால், அது செலவாகிக் குறையும்போது நொதி தானாகவே வேகமெடுக்கிறது. இந்த ஏற்பாட்டை வகுப்பில் விளக்கும் ஒவ்வொரு முறையும் நான் வியந்திருக்கிறேன்.

சிவப்பணுவை எடுத்துக்கொள்வோம். மைட்டோகாண்ட்ரியாவும் உட்கருவும் இல்லாத அது, ஏறத்தாழ 120 நாள்கள் ஆக்சிஜனைச் சுமந்து திரிகிறது. அப்போது உண்டாகும் பெராக்சைடைச் சமாளிக்கும் குளுட்டாதயோனைப் புதுப்பிக்க என்ஏடிபிஎச் வேண்டும். சிவப்பணு அதற்குப் பெரிதும் நம்பியிருப்பது இந்த வழியைத்தான். மலேரியாவுக்கான பிரிமாகுவின் மருந்தை உட்கொண்ட சிலருக்குச் சிவப்பணுக்கள் உடைவதற்கு ஜி6பிடி குறைபாடே காரணம் என 1956இல் கண்டறியப்பட்டது. அவர்களுடைய சிவப்பணுக்களில் கிளைகாலிசிஸ் நடந்துகொண்டுதான் இருந்தது, ஏடிபியும் உருவாகிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் என்ஏடிபிஎச் போதாமல் அவை உடைந்தன. ‘வீண்’ என்ற சொல்லை நான் மறுப்பதற்கு இதுவே காரணம்.

கட்டுரையுடன் வந்த படத்தில் குளுக்கோஸிலிருந்து ஏடிபிக்கு ஒரே அம்புக்குறிதான் இருந்தது. அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுவதாயின், குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டில் பாதை பிரிவதையும் அப்படத்தில் வரைந்து காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியை