முதல் மரம்னா மாமரம் வேணாம், கொய்யா வைங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயித்துக்கிழமை வீட்டுத்தோட்டம் பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கடைசில "வீட்டுக்கு ஒரு பழமரம் வைங்க, மா, பலா, சப்போட்டா, நெல்லி எது வேணும்னாலும் வைக்கலாம்"னு ஒரே வரில முடிச்சுட்டீங்க பாருங்க, அத படிச்சதும் எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. அந்த "எது வேணும்னாலும்"தான் எங்க வீட்டுல 9 வருஷத்த முழுங்கிச்சு.

எங்களோடது ராமமூர்த்தி நகர் பக்கம் 30-க்கு 40 சைட். வீடு, சம்ப், வண்டி நிறுத்தற இடம் எல்லாம் போக முன்பக்க மூலைல 10 அடிக்கு 8 அடி மண்ணு மிச்சம். பெங்களூர்ல நம்மள மாதிரி சிறுகச் சிறுக சேத்து சைட் வாங்கி வீடு கட்டினவங்க முக்காவாசிப் பேருக்கு தோட்டம்னா இவ்வளவுதான், அதுலயும் பாதிய துளசி மாடமும் செருப்பு ஸ்டாண்டும் எடுத்துக்கும்.

அத்தைக்கு சொந்த ஊரு காவேரிப்பட்டணம், மாந்தோப்புக்குள்ளயே வளந்தவங்க. "மாமரம் இல்லாத வீடு ஒரு வீடா, தோரணத்துக்கு இலை கூட காசு குடுத்து வாங்கணுமா"ன்னு ஆரம்பிச்சாங்க, சரின்னு 2013 ஜூன்ல ஒரு நர்சரிக்குப் போனோம். "அல்போன்சா ஒட்டு மேடம், ரெண்டு வருஷத்துல காய், எட்டடிக்கு மேல போகாது"ன்னு அந்த ஆளு சொன்னத அப்படியே நம்பி காம்பவுண்டுலேருந்து 4 அடி தள்ளி வெச்சோம்.

ஒட்டுன்னா நாட்டுக் கன்னோட தண்டு மேல நல்ல ரகத்துக் கிளைய சேத்துக் கட்டறது, அந்த ஒட்டுப் போட்ட இடத்துல பிளாஸ்டிக் நாடா சுத்தியிருந்துச்சு. நான் அது செடிக்கு கட்டு மாதிரி, பாதுகாப்புக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன். தண்டு பருக்க பருக்க அந்த நாடா பட்டைக்குள்ள இறங்கி, வீங்கின விரல்ல மோதிரம் மாட்டின மாதிரி மேலயும் கீழயும் புடைச்சு நடுவுல மட்டும் இடுப்பு ஒடுங்கி நின்னுச்சு, ரெண்டாவது கோடைல மேல்பாதி அப்படியே காஞ்சுபோச்சு. அய்யோ போச்சேன்னு இருந்தப்ப கீழருந்து செக்கச்செவேல்னு தளிர் வந்துச்சு, அத்தை கற்பூரம் காட்டாத குறைதான். அது பொழைச்சு வந்த அல்போன்சா இல்ல, அடில இருந்த நாட்டு மாங்கன்னு, வேர்ச்செடின்னு சொல்வாங்களே அதுன்னு எங்களுக்கு யாரு சொல்றது. 7 வருஷம் கழிச்சு முதல் காய் வந்துச்சு, பல்லு பூரா நாரு, புளின்னா புளி அப்படி ஒரு புளி. மரம் மட்டும் மாடி பால்கனியத் தாண்டிப் போயி பக்கத்து வீட்டு மொட்டமாடில தினம் ஒரு கூடை இலை கொட்டும், அந்த வீட்டு அங்கிள் தங்கமான மனுஷன், அவரே ஒருநாள் மொகத்த சுளிச்சுட்டாரு.

வெட்டிடலாம்னா அதுவும் லேசுல இல்லைங்க. கர்நாடகால 1976-ம் வருஷத்து மரப் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, நம்ம காம்பவுண்டுக்குள்ள நாமளே வெச்ச மரமா இருந்தாலும் பெரும்பாலும் அனுமதி வாங்கித்தான் வெட்டணும். சட்டம் நல்லதுதான், இல்லன்னா இந்த ஊர்ல ஒரு மரம் மிஞ்சாது. ஆனா கத்திரிச் செடி மாதிரி புடுங்கிப் போட்டுட்டு அடுத்தத வெக்க முடியாதுன்னு வெக்கறப்பவே தெரிஞ்சிருக்கணும்ல. எழுதிக் குடுத்து அலைஞ்சு 2022-ல எடுத்தோம்.

எங்க லேஅவுட்டுக்கு தோட்ட வேலைக்கு வர்ற மாலி, கோலார் பக்கத்து ஆளு, அன்னைக்கே சொன்னாரு, "மொதலு சீபே ஹாக்கம்மா"ன்னு. சீபேன்னா கன்னடத்துல கொய்யா, மொதல்ல கொய்யா வைங்கன்னு சொன்னாரு. எனக்கு கொய்யான்னா ஒரு எளக்காரம், தள்ளுவண்டில மொளகாப்பொடி தடவி விக்கறாங்க, அத எதுக்கு வீட்டுல வெக்கணும்னு. அவரு விளக்கினதும்தான் புரிஞ்சுது. கொய்யா புதுசா விடற கிளைலதான் பூக்கும், அதனால வெட்ட வெட்ட காய்க்கும், ஏழடிலயே நிறுத்தி வெச்சுக்கலாம், ஏணி வேணாம் தொரட்டி வேணாம், கைய நீட்டிப் பறிக்கலாம். மாமரத்த அப்படி நெனச்சப்பல்லாம் வெட்டினா பூவே வராம போயிடும்.

இன்னொண்ணு, கொய்யால பதியம் போட்ட செடி கெடைக்கும், கேட்டு வாங்கணும். அதுல ஒட்டே கெடையாது, தாய் மரத்துக் கிளைலயே வேர் விட வெச்சு வெட்டி எடுத்தது. மாடு மேஞ்சாலும் சரி, பையன் பந்து அடிச்சு முறிச்சாலும் சரி, அடிலேருந்து வர்றது அதே ரகம்தான். என்னை மாதிரி தப்பு பண்ணிப் பண்ணி கத்துக்கறவங்களுக்கு இத விட என்ன வேணும். ஒரே குறை, ஆணிவேர் இருக்காது, காத்துல சாயும், முதல் ரெண்டு வருஷம் குச்சி ஊணி கட்டணும். அப்புறம் கொய்யா ஒத்தை மரமா நின்னாலே காய்க்கும். நெல்லி அப்படி இல்ல, வேற ரகம் ஒண்ணு பக்கத்துல இருந்தாத்தான் ஒழுங்கா காய் பிடிக்கும், பூ பூவா கொட்டுது காயே இல்லன்னு எங்க தெருவுலயே ரெண்டு வீட்டுல பொலம்பறாங்க.

ரகத்துக்கு ரொம்ப யோசிச்சோம். அலகாபாத் சஃபேதா, லக்னோ-49 ரெண்டும் எல்லா நர்சரிலயும் இருக்கு (லக்னோன்னு பேரு, ஆனா தேர்ந்தெடுத்தது புனேல, நம்ம ஊருல பேருக்கும் ஊருக்கும் என்னைக்கு சம்பந்தம் இருந்துச்சு). ஹெசரகட்டால இருக்கற தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், ஐஐஹெச்ஆர், அவங்க ரகத்துல அர்கா கிரண் உள்ள நல்ல செவப்பு, அர்கா மிருதுளால விதை மெத்துனு இருக்கும். மாமாவுக்கு பல்செட்டு, கொய்யா விதை உள்ள போயி மாட்டிக்கிட்டா அன்னைக்கு வீடே ரெண்டாகும், அதனால மிருதுளா.

2022 ஜூலைல வெச்சோம். ரெண்டடி குழி, எடுத்த செம்மண்ணுலயே மட்கின சாணியும் ரெண்டு பிடி வேப்பம்புண்ணாக்கும் கலந்து போட்டோம், அவ்வளவுதான். பைல இருந்த களிமண்ண மாலி விரல்ல கொஞ்சம் உதுத்து விட்டுத்தான் எறக்கினாரு, அப்படியே வெச்சா நம்ம செம்மண்ணுக்குள்ள கல்லு மாதிரி நின்னுக்கும், வேரு வெளிய வராதுன்னாரு. முதல் வருஷம் வந்த பூவ எல்லாம் கிள்ளச் சொன்னாரு, மனசே வரல, கண்ண மூடிக்கிட்டு கிள்ளினேன்.

2024 மார்ச்ல பெங்களூர்ல வந்த தண்ணிப் பஞ்சம் ஞாபகம் இருக்கும் எல்லாருக்கும். போர்வெல் வத்திப்போச்சு, காவேரித் தண்ணிய செடிக்கு ஊத்தினா 5000 ரூபா ஃபைன்னு அறிவிச்சாங்க. அரிசி களைஞ்ச தண்ணி, காய் கழுவின தண்ணி ஒரு பக்கெட், அடில காஞ்ச இலை மூடாக்கு, அதுலயே தாக்குப்பிடிச்சு அந்த வருஷக் கடைசில 14 பழம் குடுத்துச்சு, எண்ணி வெச்சிருக்கேன்.

சும்மா புகழ்ந்துட்டுப் போகக் கூடாது, தொல்லையும் சொல்றேன். மார்ச், ஏப்ரல்ல பூக்கற காய் மழைல பழுக்கும், பழ ஈ முட்டை வெச்சிடும், கடிச்சா புழு நெளியும். ஜூன், ஜூலைல பூக்கறதுதான் குளிர்ல பழுக்கும், அதுதான் ருசி. அதனால கோடைப் பூவ பாதி உதுத்து விட்டுடறேன், காய் எலுமிச்சம்பழம் சைஸ் வந்ததும் கவர் கட்டிடறேன். டிசம்பர் காய்க்கு உங்க பேப்பரே போதும், தப்பா நெனச்சுக்காதீங்க, மழைக்காலத்துல அது நமுத்துப் போயிடும், அப்ப துணிக் கவர்தான். அப்படியும் அணில் ஒண்ணு ரெண்டு கொண்டு போவும், போகட்டும்.

மத்த மரமெல்லாம் கெட்டதுன்னு சொல்ல வரல. மாங்காதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறவங்க ஆம்ரபாலி கேளுங்க, 1971-ல டெல்லில தசேரியையும் நம்ம நீலத்தையும் கலந்து பண்ணின குட்டை ரகம், வருஷா வருஷம் காய்க்கும். ரெண்டாவது மரத்துக்கு இடம் இருந்தா சீத்தா நல்லது, தண்ணி கம்மியா கேக்கும். சப்போட்டா மெதுவா வளரும், எப்ப பழுத்துதுன்னு மரத்துல பாத்து சொல்லவே முடியாது, நகத்தால லேசா சொரண்டி உள்ள பச்சை தெரியுதா மஞ்சள் தெரியுதான்னு பாக்கணும், அதுக்குள்ள வௌவால் பாத்துடும். மாதுளை பாக்க சின்னதா அழகா இருக்கும், ஆனா நம்ம ஊரு மழைக்கு கரும்புள்ளி, பழத்த ஓட்டை போடற புழு ரெண்டும் வரும், புதுசா கத்துக்கறவங்களுக்கு ஆகாது. பட்டர் ஃப்ரூட் தின்னுட்டு கொட்டைய நட்டு வெச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, அது 30 அடிக்கு மேல போகும், மேல கரண்டு கம்பி இருக்கான்னு இப்பவே அண்ணாந்து பாத்துடுங்க. எத வெச்சாலும் ஆறு மணி நேரம் வெயில் விழற இடமா பாக்கணும், பக்கத்து சைட் காலியா இருந்தா நாளைக்கு அங்க மூணு மாடி எழும்பும்னு கணக்குல வெச்சுக்கணும்.

நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. நர்சரில விக்கற ஒவ்வொரு பழக்கன்னுலயும் ஒரு சீட்டு கட்டட்டும், என்ன ரகம், விதையா ஒட்டா பதியமா, ஒட்டுன்னா என்னைக்கு போட்டது, நாடாவ எப்ப அவுக்கணும், விட்டா எத்தன அடி போகும். ரெண்டு ரூபா செலவு. சேலைக்கு கூட துணி என்ன, எப்படி துவைக்கணும்னு சீட்டு இருக்கு, 20 வருஷம் நிக்கப் போற மரத்துக்கு இல்ல. நீங்க இத பத்தி எழுதினா தோட்டக்கலைத் துறை கண்ணுல படும், அதயும் ஜூன் மழைக்கு முன்னாடியே எழுதினீங்கன்னா இந்த வருஷம் கன்னு வாங்கப் போறவங்களுக்கு உதவும்.

அத்தை மட்டும் இன்னும் சமாதானமாகல. பண்டிகைக்கு பண்டிகை கே.ஆர்.புரம் மார்க்கெட்ல மாவிலை கட்டு 20 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்து, கொய்யா மரத்த ஒரு பார்வை பாத்துட்டுத்தான் வாசல்ல தோரணம் கட்டறாங்க.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகி,
ராமமூர்த்தி நகர், பெங்களூரு