ஜாடி செஞ்சவர் பேரையும் போடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

பழைய அமெரிக்க உப்பு ஜாடிகளப் (உப்பு வெக்கற ஜாடி இல்ல, உப்பால மெருகேத்தின மண் ஜாடி) பத்தி போன இதழ்ல வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், போட்டோ எல்லாம் அருமை. ஆனா 'உப்புக் கலவை பூசிச் சுட்ட ஜாடி'ன்னு இருக்கு, அது அப்படி இல்லைங்க. உப்ப யாரும் பூசல. சூளை 1200 டிகிரிக்கு மேல போனதும் உப்ப அள்ளி உள்ள வீசுவாங்க, அந்த சூட்டுல அது ஆவியாகி, அதுல இருக்கற சோடியம் களிமண்ல இருக்கற சிலிக்காவோட சேந்து ஜாடி மேலயே கண்ணாடி மாதிரி ஒரு தோல் கட்டிக்கும், தொட்டா ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி குழியா இருக்கும். அப்ப புழக்கத்துல இருந்த செம்மண் பாத்திரத்துக்கு ஈய மெருகு போடுவாங்க, அதுல வினிகர் ஊத்தி ஊறுகாய் போட்டா ஈயம் சாப்பாட்டுல இறங்கிடும். உப்பு ஜாடில அந்த பயம் இல்ல, அதனாலதான் மாசக்கணக்கா கறியும் காயும் ஊறப்போட ஜனங்க இதத் தேடி வாங்கினாங்க.

எனக்கு பெரிய வருத்தம் வேற. நியூயார்க் குயவர்கள்னு ஒரு வரி எழுதிருக்கீங்க, தாமஸ் கொமெரா பேர் எங்கயுமே இல்ல. அடிமையா பிறந்து சின்ன வயசுலயே விடுதலையான கறுப்பினத்தவர் அவர். 1790களோட கடைசில இருந்து 1819 வரைக்கும் மன்ஹாட்டன்ல கார்லியர்ஸ் ஹூக் பக்கம் சொந்தப் பட்டறை வெச்சு, ஒவ்வொரு ஜாடிலயும் தன் பேரயும் ஊரயும் அச்சா குத்தி, கோபால்ட் நீலத்துல நம்ம வாசத் தோரணம் மாதிரி தொங்கற டிசைன் போட்டவர். சிப்பி ஊறுகாய் வித்த வியாபாரிங்களுக்கு அவங்க பேரையே ஜாடில குத்திக் குடுத்திருக்கார். இப்படி ஜாடிக்கு ஜாடி தன் பேரக் குத்தியும் அவர ரொம்ப காலம் வெள்ளக்காரர்னே எல்லாரும் நினைச்சிட்டிருந்தாங்க, பழைய சென்சஸ் ஏட்டப் புரட்டினப்பறம்தான் உண்மை தெரிஞ்சுது.

2023ல மகன் வீட்டுக்கு நியூ ஜெர்சி போயிருந்தப்ப நியூயார்க் ஹிஸ்டாரிக்கல் சொசைட்டில அவருக்குன்னே வெச்ச கண்காட்சியப் பாத்தேன். நியூயார்க் குயவர்களுக்கு மண்ணு போனதே நியூ ஜெர்சி அம்பாய் பக்கத்துல இருந்துதான், மகன் வீடு அங்கருந்து கார்ல கொஞ்ச தூரம். ஒரு ஜாடி முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன், எழுத்து கொஞ்சம் கோணலா, ஆனா அழுத்தமா இருந்துச்சு.

அடுத்த இதழ்ல அந்த முத்திரை போட்டோவோட ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாவது போடுங்க, பேர் பெரிய எழுத்துல இருக்கட்டும்.

உங்கள் நெடுநாள் வாசகி,
மதுரை