டிக்கிய தொறந்து குடுத்த அண்ணனுக்கு நன்றி

நேத்து காலைல திண்டிவனம் பைபாஸ்ல டீக்கடை ஓரமா லாரி நிறுத்தியிருந்த அண்ணனுக்குத்தான் இந்த பதிவு, பேரு கேக்கவே மறந்துட்டேன். விழுப்புரத்துல என் தம்பிக்கு நிச்சயம், சீர் தட்டு பூ பழம் எல்லாம் கார் டிக்கில, பூவுக்கு தண்ணி தெளிக்கலாம்னு சீட்டு பக்கத்துல இருக்க லீவர இழுத்தா லூசா வருது, டிக்கி அசையவே இல்ல. சாவி போட்டு திருப்பலாம்னா அந்த ஓட்டைல துரு, பாதி கூட உள்ள போகல. அம்மா வேற "அப்பவே சொன்னேன்ல"னு ஆரம்பிச்சுட்டாங்க.

அண்ணன் இறங்கி வந்து ஒரு தடவ லீவர இழுத்து பாத்தாரு. "கேபிள் கழண்டிருக்கும் தம்பி, பின் சீட்ட மடக்கு"ன்னாரு. மடக்கினதும் பழக்கூடைக்கு நடுவுல குப்புற படுத்து, செல்போன் டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு, லாக்குல ஸ்க்ரூடிரைவர விட்டு ஒரு நெம்பு, டக்குனு தொறந்துருச்சு. பாத்தா கேபிளோட வெளி உறை கிளிப்ப விட்டு நழுவிருக்கு, அதான் நாம இழுக்குறது லாக் வரைக்கும் போய் சேரல. திரும்ப கிளிப்புல மாட்டி, அவர் லாரில இருந்த கிரீஸ லாக்குல தடவி, டிக்கி தொறந்திருக்கும்போதே ஸ்க்ரூடிரைவரால லாக்க அமுக்கிட்டு லீவர இழுக்க சொன்னாரு, ரெண்டு தடவயும் லாக் தொறந்துச்சு, அப்பறம்தான் மூடவே விட்டாரு. எனக்கெல்லாம் அது தோணிருக்காது, அப்படியே மூடிட்டு மறுபடி முழிச்சிருப்பேன்.

காசு குடுத்தேன், வாங்கல. ரெண்டு வாழப்பழம் மட்டும் எடுத்துக்கிட்டாரு. காக்கி சட்ட முழுக்க சாமந்தி இதழ், தட்டிவிடாம கூட வண்டிய எடுத்துட்டு போயிட்டாரு. அண்ணே, ரொம்ப நன்றிண்ணே, நிச்சயம் நல்லபடியா முடிஞ்சுது.