கல்லூரிக்குப் பெயர் கொடுத்தவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உருகுவே தலைநகர் மான்டிவிடியோவில் உள்ள ஆண்டிஸ் 1972 அருங்காட்சியகம் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். 45 பேருடன் பனிமலையில் விழுந்த விமானம், 72 நாள் கழித்து மீண்ட 16 பேர், ஆற்றுக்கு அக்கரையில் நின்ற மலைவாசிக்குக் கல்லில் கட்டி எறிந்த சீட்டு எல்லாம் முன்பே கேள்விப்பட்டதுதான். திரும்பி வராத 29 பேரையும் சேர்த்தே அந்த இடம் நினைவுகூர்கிறது என்பதுதான் எனக்குப் புதிது. 2013இல் தனி ஒருவர் முயற்சியில் திறந்தார்களாம். எங்கள் சேலத்து மருத்துவக் கல்லூரிக்குப் பெயர் கொடுத்தவரும் ஒரு விமான விபத்தில் போனவர்தான், அதற்கும் இப்படி ஒரு நினைவிடம் வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் சேலம் இரும்பாலை பஸ்ஸில் பல வருடம் நடத்துநராக இருந்தவன். பேரனுக்கு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த பூரிப்பில், மடியில் தூக்குப்போசியோடு வந்த ஒரு பாட்டி, மோகன் குமாரமங்கலம் டாக்டர் இப்போதும் வைத்தியம் பார்க்கிறாரா என்று கேட்டார். எனக்கும் தெரியாது. சில்லறை கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன்.

அவர் டாக்டர் இல்லை. மத்திய இரும்புத்துறை அமைச்சர். திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பம். 1973 மே 31 அன்று சென்னையிலிருந்து டெல்லி போன இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம், புழுதிப் புயலில் ஓடுபாதை கண்ணில் படாமலே தாழ இறங்கி, உயர் அழுத்த மின்கம்பியில் மோதி விழுந்தது. 65 பேரில் 48 பேர் இறந்தார்கள், அவரும் அதில் ஒருவர். கோவை எம்.பி. கே. பாலதண்டாயுதமும் அதில்தான் இறந்தார். சேலத்து இரும்பாலையில் உற்பத்தி தொடங்கியது 1980களில். அந்தத் துறையின் அமைச்சர் அதைப் பார்க்கவில்லை. அவர் பெயரில் இருப்பது அதே இரும்பாலைச் சாலையில் ஒரு மருத்துவக் கல்லூரி!

தனிக் கட்டடம் கேட்கவில்லை. சிலையும் வேண்டாம், காக்கைகளுக்கு இருக்கிற சிலைகளே போதும். கல்லூரி வாசலில் ஒரு சுவர் கொடுத்தால் போதும். அன்றைய பத்திரிகைப் பக்கங்கள், விமானம் போன வழி, 48 பேரின் பெயர்கள், பிழைத்த 17 பேரின் பெயர்கள். அமைச்சர் படத்துக்கு மட்டும் மாலை போட்டு முடித்துவிடாதீர்கள். விமானத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தச் சுவரில் வர வேண்டும்.

எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும். பஸ் நிற்கிற அரை நிமிடத்தில் ஜன்னலோரத்தில் இருப்பவர் படித்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்,
சூரமங்கலம், சேலம்.