நித்திய ஜீவனும் துக்க வீட்டின் கண்ணீரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லறைத் திருநாளையொட்டித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையில், நித்திய ஜீவனை, அதாவது முடிவற்ற வாழ்வைப் பற்றிய கிறிஸ்தவ நம்பிக்கை மனிதரைத் துக்கத்திலிருந்து தப்புவிக்கும் மருந்து என்றும், மறுமையை நோக்கியிருப்பவர்களுக்கு இந்த உலகமும் உடலும் பொருட்டாகத் தோன்றுவதில்லை என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைத் தோட்டங்களில் இடம் அருகிவரும் நிலையில், தகனம் பெருகினால், இறந்தோர் உடலோடு மீண்டும் எழுவார்கள் என்ற உயிர்த்தெழுதல் நம்பிக்கை என்னவாகும் என்ற கேள்வியோடு கட்டுரையை முடித்திருந்தார். மதிப்போடு எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனால் அதில் சொல்லப்பட்டது எங்கள் நம்பிக்கை அன்று.

இப்படி ஓர் எண்ணம் பிறர் மனத்தில் எழுவதற்கு எங்கள் பிரசங்கிகள் சிலரும் காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. பெட்டி இன்னும் மூடப்படாமல் இருக்கும்போதே, கணவனை இழந்த பெண்ணைப் பார்த்து, "விசுவாசி அழலாமா?" என்று ஒலிபெருக்கியில் கேட்பவர்கள் இந்நகரில் உண்டு. அதற்கு ஆதாரமாக, அப்போஸ்தலர் பவுல் தெசலோனிக்கே நகரச் சபையாருக்கு எழுதிய முதல் நிருபத்தின் (கடிதத்தின்) 4ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் அங்கே பவுல் எழுதுகிறார். துக்கமே கூடாது என்று அவர் எங்கும் எழுதவில்லை. லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும், இயேசு அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். விசுவாசத்துக்காகக் கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவான், சாகும் முன்பு வானம் திறந்திருக்கக் கண்டதாக வேதாகம நூலான அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. அவன் சென்ற இடத்தைப் பற்றி ஆதிச் சபைக்கு ஐயமே இருந்திருக்க முடியாது. அப்படியிருந்தும், தேவபக்தியுள்ள மனிதர் அவனை அடக்கம்பண்ணி, அவனுக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்று அதே நூலின் 8ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மரணத்தைப் பவுல் நண்பன் என்றோ விடுதலை என்றோ அழைக்காமல், ஒழிக்கப்பட வேண்டிய கடைசிச் சத்துரு என்கிறார். சத்துரு வந்துபோன வீட்டில் அழுகை இருக்கத்தான் செய்யும்.

உடல் பொருட்டன்று என்ற கருத்துக்கும் இதே பதிலை நீட்டிச் சொல்லலாம். கிரேக்கத் தத்துவ ஞானிகளில் பலர் உடலை ஆன்மாவின் சிறை என்று கருதினார்கள். ஆனால் ஞாயிறுதோறும் எங்கள் ஆலயங்களில் சொல்லப்படும் விசுவாசப் பிரமாணம், சரீரம் உயிர்த்தெழும் என்று அறிக்கையிட்ட பிறகே நித்திய ஜீவனைக் குறிப்பிடுகிறது. இதைச் சென்னைவாசிகளுக்கு விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. பரங்கிமலையில் கி.பி. 72இல் கொல்லப்பட்டு மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்று மரபு கூறும், இயேசுவின் சீடரான தோமாவின் கல்லறை மீதுதான் சாந்தோம் பேராலயம் நிற்கிறது. இயேசுவின் கைகளிலிருந்த ஆணிக் காயத்தில் விரலை இட்டுப் பார்த்தால் ஒழிய நம்பமாட்டேன் என்றவர் அவர். உயிர்த்தெழுந்த இயேசு அவருக்குக் காட்டியது காயங்கள் மறைந்துபோன புதிய உடலை அன்று. அந்தக் காயங்களையேதான் காட்டினார். இங்கே வாழ்ந்ததும் பட்டதும் துடைத்தெறியப்பட்டுவிடும் என்பது எங்கள் நம்பிக்கையாக இருந்திருந்தால், அந்தத் தழும்புகளுக்கு அங்கே இடமிருந்திருக்காது. சந்தேகப்பட்டதற்காகவே தோமாவைக் குறைத்துப் பேசும் பிரசங்கங்களைக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. அவர் கேட்டிராவிட்டால் இந்தப் பகுதியே நமக்குக் கிடைத்திராது.

உடலுக்கு இத்தனை மதிப்பு இருப்பதால்தான், 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் இந்நகரில் ஒரு கூட்டம் தாக்கியபோது, அது கிறிஸ்தவர்களை அவ்வளவு ஆழமாகப் புண்படுத்தியது. அன்றிரவு உடன்பணியாற்றிய மருத்துவர் ஒருவரே மண்ணை அள்ளிப்போட்டு அந்த அடக்கத்தை முடித்தார். இறந்தவருக்குச் செய்யும் இந்தக் கடைசி மரியாதையை எல்லா மதத்தவரும் புரிந்துகொள்வார்கள் என்பதால் இதை மேலும் விளக்கவில்லை.

இனி, கட்டுரையாளரின் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கத்தோலிக்கத் திருச்சபை தகனத்தின் மீதான தடையை 1963ஆம் ஆண்டிலேயே தளர்த்திவிட்டது. சாம்பலைத் தூவிவிடாமல் புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்றும், நல்லடக்கமே விரும்பத்தக்கது என்றும் 2016இல் வத்திக்கான் அறிவுறுத்தியதே தவிர, தகனம் உயிர்த்தெழுதலுக்குத் தடை என்று சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா நகரின் ஆயர் பொலிக்கார்ப்பின் உடலை எரித்தார்கள். அவர் உயிர்த்தெழமாட்டார் என்று அன்றைய சபை அஞ்சவில்லை, எஞ்சிய எலும்புகளைப் பொறுக்கி எடுத்துப் போற்றி வைத்தது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆழிப்பேரலை கொண்டுபோனவர்களில் பலரின் உடல்கள் கரைக்குத் திரும்பவே இல்லை. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காகக் கல்லறையே இல்லாமல் ஜெபிக்கும் குடும்பங்கள் நம் மீனவக் குப்பங்களில் இன்றும் இருக்கின்றன. அவர்களை எண்ணும்போது, "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது" என்ற, வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தின் வரி எனக்கு மற்ற எந்த வசனத்தையும் விடப் பொருளுள்ளதாகப் படுகிறது.

எனவே, இடநெருக்கடியால் தகனத்தைத் தேர்ந்தெடுக்கும் குடும்பத்தின் விசுவாசத்தைக் கட்டுரையாளர் ஐயுற வேண்டியதில்லை. எங்கள் சபையாரும் அவர்களைப் பற்றிப் புறம் பேச வேண்டியதில்லை. கல்லறைக்கு இடம் கேட்டு அரசிடம் எங்கள் சபைகள் முறையிடுவது நியாயமான குடிமைக் கோரிக்கைதான். அதைப் பற்றித் தங்கள் நாளிதழ் தனியே ஒரு செய்திக் கட்டுரை வெளியிட்டால், இறந்தவரை வைத்துக்கொண்டு இடம் தேடி அலையும் குடும்பங்களுக்கு அது உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை.