மடித்துப் பின் அடித்த பக்கத்துக்கு நன்றி

அன்பானவர்களுக்கு, கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள்.

நேற்று மாலைதான் கடைசி வண்டி திரும்பி வந்தது. பெட்டிகளை எண்ணி முடித்தோம், கணக்கு சரியாக இருந்தது. மூடி சரியாக இறுகாத பாட்டில்கள் கடைகளுக்குப் போய்விட்டதால் சரக்கைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மறுபடியும் அதைச் சொல்லி யாரையும் அலுக்க வைக்கப் போவதில்லை. எனக்கு இன்னும் தூக்கம் சரியாகவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் வண்டி எடுத்த டிரைவர்கள், இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு கடைக்கும் போன் போட்ட ஆபீஸ் பிள்ளைகள், ஆர்டரை ரத்து செய்ய எல்லா நியாயமும் இருந்தும் "சரக்கை மாற்றிக் கொடுங்கள், போதும்" என்ற வாடிக்கையாளர்கள், என் எரிச்சலை எல்லாம் வாங்கிக்கொண்ட வீட்டார். அப்புறம் எங்கள் போதகர். ஜெபிக்கத்தான் அவரைக் கூப்பிட்டேன். வந்தவர் நாற்காலியில்கூட உட்காரவில்லை. "முதலில் வாடிக்கையாளர்களுக்குப் போன் பண்ணுங்கள் பிரதர். நீங்கள் பேசி முடிக்கிற வரைக்கும் நான் இங்கே நின்று ஜெபிக்கிறேன்" என்றார்.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஓர் அக்காவுக்காக. பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எந்த லாட்டில் (ஒரே தடவையில் தயாரான சரக்குத் தொகுதியில்) கோளாறு என்று தெரியாமல், மொத்தச் சரக்கையும் திரும்ப எடுக்க முடிவு செய்திருந்த இரவு அது. அப்படி எடுத்திருந்தால் கம்பெனியை மூடியிருக்க வேண்டும். மீட்டிங் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அக்கா கதவருகே நின்றார். கையில் அட்டை கிழிந்த ஒரு பள்ளிக்கூட நோட்டு. "இதுல இருக்கு சார்" என்று மேசையில் வைத்தார்.

பென்சிலால் கோடு போட்டுப் பிரித்த கட்டங்கள். தேதி, மெஷின் நம்பர், லாட் நம்பர், என்ன கோளாறு. 'மூடி இறுகவில்லை, 6 பாட்டில்.' 'மூடி இறுகவில்லை, 11 பாட்டில்.' மூன்று மாதமாக எழுதியிருக்கிறார், யாரும் எழுதச் சொல்லாமலே. அந்த நோட்டை வைத்துத்தான் நான்கு லாட்டை மட்டும் திரும்ப எடுத்தோம்.

அது மட்டும் இல்லை. சில பக்கங்களின் வலது ஓரம் உள்பக்கமாக மடிக்கப்பட்டு, மேலேயும் கீழேயும் ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தது. என்ன இது என்று கேட்டேன்.

"அதை நீங்க மட்டும் பிரிச்சுப் பாருங்க சார். மத்தவங்களுக்குக் காட்டணுமா வேண்டாமான்னு அப்புறம் நீங்களே முடிவு பண்ணிக்குங்க." பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

நகத்தால் நெம்பிப் பிரித்தேன். உள்ளே இரண்டு கட்டங்கள்: 'யாரிடம் சொன்னேன்', 'என்ன சொன்னார்'. ஐந்து இடத்தில் 'சார்' என்று இருந்தது. எதிரே வரிசையாக: பார்க்கலாம். பார்க்கலாம். அடுத்த வாரம். பார்க்கலாம். கடைசியில், ஜெபத்தில் வைப்போம்.

அப்படிச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. உண்மையைச் சொன்னால், ஜெபிக்கவும் இல்லை.

தள்ளிப்போடுவதற்கு நான் எப்போதும் துணைக்கு அழைப்பது வேதாகமத்தில் வரும் நெகேமியாவை. எருசலேமின் அலங்கம் (நகர மதில்) இடிந்து கிடக்கிறது என்று கிஸ்லேவு மாதத்தில் கேள்விப்பட்டவர், ராஜாவிடம் வாயைத் திறந்தது நிசான் மாதத்தில். ஏறக்குறைய நான்கு மாதம் காத்திருந்தார், நாமும் காத்திருப்போம் என்பேன். அன்று இரவு நெகேமியா புத்தகத்தின் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துப் படித்தேன். அலங்கம் பாதி எழும்பியிருக்கும்போது, கடனில் நிலத்தையும் பிள்ளைகளையும் இழந்த ஜனங்கள் கூக்குரலிடுகிறார்கள். அங்கே அவர் மாதக்கணக்கில் காத்திருக்கவில்லை. மனதுக்குள் யோசித்து, பிரபுக்களையும் அதிகாரிகளையும் கடிந்துகொண்டு, சபையைக் கூட்டி, இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்கிறார். கடன் கொடுத்தவர்களில் தானும் ஒருவன் என்பதையும் அங்கேயே ஒத்துக்கொள்கிறார். முன்னது ராஜாவின் தயவுக்காகக் காத்திருந்த காலம். பின்னது தன் கையிலேயே இருந்த காரியம். இரண்டையும் நான் வசதியாக ஒன்றாக்கி வைத்திருந்தேன்.

சகோதரன் குற்றம் செய்தால் அவனும் நீயும் தனித்திருக்கையில் எடுத்துச் சொல் என்று மத்தேயு 18-இல் இருக்கிறது. அதைப் பற்றித் திங்கட்கிழமை காலை ஜெபத்தில் நானே பேசியிருக்கிறேன். அக்கா அந்த ஜெபத்துக்கு வருகிறவர் இல்லை, வேதத்தைத் திறந்தவரும் இல்லை. பத்துப் பேர் முன்னால் அந்த நோட்டை விரித்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஸ்டேப்ளரைத் தேடி எடுத்து, ஒவ்வொரு பக்கமாக மடித்துப் பின் அடித்துக் கொண்டுவந்திருக்கிறார்.

மறுநாள் வாடிக்கையாளரின் குவாலிட்டி ஆட்கள் வந்தபோது எல்லாப் பின்னையும் எடுத்துவிட்டுத்தான் நோட்டை நீட்டினேன். படித்தார்கள். ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி நோட்டைப் பார்த்தார். மெஷின் எப்போது சரியாகும் என்று கேட்டார்கள். சரியாகிவிட்டது என்றேன். மூடி இறுக்கும் தலையில் ரப்பர் தேய்ந்திருந்தது. மாற்ற மெக்கானிக்குக்கு 40 நிமிடம்.

எல்லோரும் அறிய ஒன்று சொல்லி வைக்கிறேன். இனி என்னிடம் ஒரு கோளாறைச் சொன்னால், அன்று வீட்டுக்குக் கிளம்புமுன் நேரில் போய்ப் பார்ப்பேன். உடனே முடியாததாக இருந்தால் எந்தத் தேதிக்கு முடியும் என்று சொல்வேன். 'பார்க்கலாம்' என்று என் வாயிலிருந்து வந்தால், என்றைக்கு சார் என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். கோபம் வரும், இருந்தாலும் கேளுங்கள்.

இன்று காலை அக்காவிடம் நேரில் நன்றி சொன்னேன். கூச்சத்தோடு தலையாட்டினார். அந்த நோட்டை ஆபீஸிலேயே பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

"அதெப்படி சார்? இன்னும் 14 பக்கம் பாக்கி இருக்கு" என்று கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன்.