எல்லாப் பச்சைத் தேயிலையும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழின் நலப் பக்கத்தில் பச்சைத் தேயிலை பற்றி வந்த குறிப்பை வாசித்தேன். கொதிதண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைக்க வேண்டுமாம். கஃபீன் குறைவு என்பதால் வயதானவர்கள் இரவிலும் குடிக்கலாமாம். பக்கத்திலே போட்டிருந்தது ஜப்பானின் கியோகுரோ தேயிலைப் படம். படத்துக்கும் அறிவுரைக்கும் ஏழாம் பொருத்தம்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கறுப்புத் தேயிலையோடு காலம் தள்ளியவன் நான். கியோட்டோவில் வேலை செய்யும் மருமகன் வரும்போதெல்லாம் பக்கத்து ஊரான உஜியின் பச்சைத் தேயிலை கொண்டுவருவதால் இதுவும் பழக்கம்.

கியோகுரோ நிழலில் வளர்வது. நிழல் என்றதும் மலைத்தோட்டத்து கிரவிலியா மரங்களை நினைக்க வேண்டாம். கொழுந்து பறிக்கச் சுமார் 20 நாள் இருக்கும்போதே செடிகளுக்கு மேலே பந்தல் போட்டு, நாணல் தட்டியும் வைக்கோலும் பரப்பி வெயிலை மறைத்துவிடுவார்கள். இப்போது பெரும்பாலும் கறுப்பு வலைதான். வேரில் உண்டாகும், ருசி தரும் தியானின் என்ற அமினோ அமிலம் இலைக்கு ஏறி, வெயில் பட்டால் துவர்க்கும் கட்டெக்கினாக மாறும். வெயிலை மறைத்தால் பெருமளவு அப்படியே தங்கிவிடும். பறித்த கையோடு ஆவியில் அவித்தும் விடுகிறார்கள். கொழுந்தை வாடப்போட்டு, நிறம் மாற விடுகிற எங்கள் வேலையெல்லாம் அங்கே இல்லை.

இத்தனை பாடுபட்டுக் காத்த ருசிக்குக் கொதிதண்ணீர்தான் எமன். 50 முதல் 60 பாகை செல்சியஸ் சூடு போதும். கேத்தல் தண்ணீரைக் கோப்பைக்குக் கோப்பை மாற்றி, உள்ளங்கையில் சுகமாகப் பிடிக்கும் வரை ஆறவிட்டால் சரி. 10 கிராம் தேயிலைக்கு 60 மில்லிலீற்றர் தண்ணீர், இரண்டரை நிமிடம். பிறகு கடைசிச் சொட்டுவரை வடிக்க வேண்டும், சாரமே அதில்தான். கல்லடிக் கிணற்றின் உவர்த்தண்ணீர் இதற்கு ஆகாது. உன்னிச்சைக் குளத்துக் குழாய்த்தண்ணீரை இரவே பிடித்துத் திறந்து வைத்தால் குளோரின் வாடை போய்விடும். சித்திரை வெக்கையில் நான் தேயிலைமேல் ஐஸ்கட்டியை வைத்துவிட்டுக் காத்திருப்பேன். உருகி இறங்குவது ஒரு மிடறுதான். ஆனால் எண்ணெய்போல் நாக்கில் படர்ந்து நெடுநேரம் நிற்கும்.

முதன்முதல் குடித்த என் மச்சாள், "இதென்ன மச்சான், மாசிக் கருவாடு அவிச்ச தண்ணிபோல கிடக்கு?" என்றாள். அவள் நாக்கு பொய் சொல்லவில்லை. 1908இல் ஜப்பானிய இரசாயனவியலாளர் இக்கெடா கிக்குனாயே கொம்பு என்ற கடற்பாசிச் சாற்றில் கண்டறிந்து உமாமி என்று பெயரிட்ட சுவை அது. தியானின் அந்த உமாமியைத் தூக்கிக் கொடுக்கிறது. இரண்டாம் முறை சற்றுச் சூடான தண்ணீர் விட்டால் துவர்ப்பு மெல்ல எட்டிப்பார்க்கும். எல்லாம் வடித்த பிறகு இலையை ஜப்பானியர் சோயா சோஸ் விட்டுத் தின்பார்கள். எங்கள் வீட்டில் வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் சேர்ந்து சம்பலாகிவிடும்.

இனி கஃபீன். மேலே சொன்ன அளவில் வடித்த கியோகுரோவில் 100 மில்லிலீற்றருக்குச் சுமார் 160 மில்லிகிராம் இருப்பதாக ஜப்பானின் உணவுச்சத்து அட்டவணை சொல்கிறது. அதே அட்டவணையில் கோப்பி 60தான். குடிப்பது சின்னக் கோப்பை என்றாலும், இரவில் குடித்தால் என் வயதுக்காரர் விடிய விடிய முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அடுத்த ஞாயிறு இதழில் அந்த ஒரு வரியையாவது திருத்திப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தர்,
கல்லடி, மட்டக்களப்பு.